நான் வைத்த மூன்று தலைக்கவசங்கள்

என் வலது மணிக்கட்டு ஒத்துழைக்க மறுத்து இரண்டு வருடமாகிறது. ஈர மண்ணைக் கிள்ளி எடுத்தாலே சுருக்கென்று வலி தோள்வரை ஏறுகிறது. அதனால்தான் சிலைப் பட்டறையை என்னிடம் வேலை கற்ற உங்கள் நான்கு பேரிடமும் விட்டுவிட்டு வந்தேன். வாய் மட்டும் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. போன வாரம் ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, "எல்லாரும் போடுற கையெழுத்துதானே மேடம்" என்றீர்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான். ஆனால் உங்கள்மேல் இல்லை. யார்மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மண் பிசைவதையும் அச்சு எடுப்பதையும் பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வருகிறது.

நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். கலைக்கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் பேராசிரியர் ஏதோ கேட்டதற்கு "இன்னா சார்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "முதல்ல உன் வாயைச் செதுக்கு. கல்லை அப்புறம் செதுக்கலாம்" என்றார். மறுபடியும் சிரிப்பு. வெட்கம்கெட்ட நானும் சேர்ந்து சிரித்தேன். ஐந்து வருடம் அவர் சொன்னபடியே வாயைச் செதுக்கினேன். படித்து முடித்து வெளியே வந்தபோது என் அம்மாவிடம்கூட புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இரண்டு வருடம் சரியான வேலை எதுவும் இல்லை. உடன் படித்த ஆண்களுக்குத் தலைவர் சிலைகளும் கோயில் வேலைகளும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தவை பூங்காவுக்கு சிமெண்ட் முயல், சிமெண்ட் வாத்து, குப்பை போடுவதற்கு வாயைப் பிளந்த பென்குயின். "பொம்பளப் புள்ள சாரத்துல ஏறுமா?" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டவர்கள் உண்டு. ஏறிக் காட்டினால், "ஏறுது, ஆனா பாக்க நல்லா இல்லியே" என்பார்கள். திருவொற்றியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர் தன் கொட்டகையின் பின்பக்கத்தை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இந்தப் பக்கம் நான் மண் பிசைவேன், அந்தப் பக்கம் அவர் இரும்புக் கேட்டு செய்வார். ஒருவர் வேலையை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே நன்றாகத்தான் போனது.

அப்படி இருக்கும்போது பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். இப்போது அந்தப் பெயரும் இல்லை, அந்த முதலாளியும் இல்லை. அங்கே உயரமான புகைபோக்கிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் கீழே விழுந்து செத்துப்போனார்கள். அவர்கள் நினைவாக வாசலில் ஆளுயரத்தில் மூன்று சிலை வைக்க நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

"உன்னைத்தான் சொல்லியிருக்கேன்மா" என்றார் பேராசிரியர். "நீ அந்த ஏரியாப் பொண்ணு. அவங்க பாஷை உனக்கு வரும். அந்தக் குடும்பங்கள் உன்கிட்ட மனசு விட்டுப் பேசும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வருடமாக என்னை மறக்கச் சொன்ன பேச்சு இப்போது எதற்குத் தேவைப்படுகிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். இருபத்தாறு வயதில் முதல் பெரிய வேலை கைக்கு வரும்போது யார் யோசிக்கிறார்கள்? காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இறந்தவர்களில் ஒருவர் கன்னியப்பன். எம்.கே.பி. நகரில் வீடு. மனைவி செல்விக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். பிளாஸ்டிக் பக்கெட் செய்யும் கம்பெனியில், அச்சிலிருந்து வரும் பக்கெட்டின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவி எடுப்பது அவர் வேலை. நான் போட்டோ கேட்டேன். கல்யாணப் படம் ஒன்றுதான் இருந்தது. பவுடர் அப்பிய, மூச்சை இழுத்துப் பிடித்த முகம்.

"இத்த வெச்சி செஞ்சினா வேற யாரோ மாப்ளதான் வருவான்" என்றார் செல்வி. "எனக்கு ஞாயித்துக்கெழம லீவு. நான் வந்து சொல்றேன்."

ஞாயிறுதோறும் திருவொற்றியூருக்கு பஸ் ஏறி வந்தார். கவிழ்த்துப்போட்ட டப்பாவின் மேல் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "தோளு இப்டி நேரா இல்ல. எடது பக்கம் எறங்கிகினு இருக்கும். பெயிண்டு டின்னு தூக்கித் தூக்கி அப்டி பூட்ச்சி." நான் இறக்குவேன். "இன்னும் கொஞ்சம்." இறக்குவேன். "ஆங். அவருதான்." அச்சில் வரும் பொருளில் எங்கே கோணல் என்று நாள் முழுக்கப் பார்க்கிற கண் அது. கல்லூரியில் எனக்கு ஐந்து வருடத்தில் சொல்லித்தராததை அந்த ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன்.

அன்று அவர்கள் எப்படி ஏறினார்கள் என்றும் அவரேதான் சொன்னார். "தலையில துண்டு. கால்ல ஒண்ணியும் கெடயாது. இடுப்புல ஒரு கயிறு குடுத்தாங்களா? அதுவும் இல்ல. கேட்டா, 'இஷ்டம் இருந்தா ஏறு, இல்லாங்காட்டி வூட்டுக்குப் போ'ன்னு மேஸ்திரி சொல்வானாம்." மற்ற இரண்டு குடும்பத்தாரும் அதையேதான் சொன்னார்கள். நானும் அப்படியே செய்தேன். தலையில் துண்டு, வெறுங்கால், மடித்துக் கட்டிய லுங்கி. மண்ணில் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மண் உருவத்தைப் பார்க்கத் தொழிற்சாலையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். மரியாதையான ஆள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பிரமாதம் மேடம், உயிரோட இருக்கு" என்றார். பிறகு, "ஒரு சின்ன கரெக்ஷன். மூணு பேருக்கும் ஹெல்மெட், பெல்ட், ஷூ போட்டுடுங்க. நாளைக்கு மத்த தொழிலாளிகள் இதைத்தான பாப்பாங்க? தப்பான முன்னுதாரணமா ஆகிடக் கூடாதில்ல?"

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். தலையாட்டினேன்.

இதை மறைக்காமல் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை. நானே, என் இந்த இரண்டு கையாலேயே, துண்டை எடுத்துவிட்டு மூன்று தலைக்கும் ஹெல்மெட் வைத்தேன். தோளின் மேல் பெல்ட் வார் ஓடியது. வெறுங்காலுக்கு பூட்ஸ் ஏறியது. ஹெல்மெட்டின் வளைவு முகத்துக்குக் கம்பீரம் தருகிறது, முன்பைவிட உருவம் உறுதியாக நிற்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பு செய்யும்போது அழகு எவ்வளவு சீக்கிரம் துணைக்கு ஓடி வருகிறது!

பாய் மட்டும் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, போன வாரம் வரைக்கும் மூணு ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க. இப்ப மூணு தொப்பிதான் கீது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கேட்டு வேலையைப் பாருங்கள் என்றேன்.

அடுத்த வாரம் அதே அதிகாரி ஒரு தாளோடு வந்தார். குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதம். மூன்று வீட்டிலும் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் அச்சு எடுக்க ஆரம்பிக்கலாம். "நாங்க போனா கொஞ்சம் தயங்குவாங்க. நீங்க போனா உடனே போட்டுடுவாங்க மேடம். சாரும் அதான் சொன்னார்." சார் என்றால் என் பேராசிரியர்.

முதலில் செல்வி வீட்டுக்குத்தான் போனேன். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பஸ்ஸிலேயே ஒருமுறை படித்திருந்தேன். ஒன்றும் உறுத்தவில்லை. வழக்கமான காகிதம் என்று மடித்து வைத்துக்கொண்டேன். செல்வி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னா எழுதிக்கீது? தமிழ்ல சொல்லு" என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். புத்தகத் தமிழில் இல்லை, அவருக்குச் சொல்கிறபடிதான். "மொத வரி, சிலை வெக்கிறதுக்குக் கம்பெனிக்கு நன்றின்னு கீதுக்கா. ரெண்டாவது, உங்களயெல்லாம் கேட்டுதான் சிலைய செஞ்சாங்கன்னு கீது. மூணாவது..." அங்கே என் வாய் நின்றுவிட்டது.

"மூணாவது இன்னா?"

"இந்த சிலைல இருக்கிற மாதிரிதான்... ஹெல்மெட்டு, பெல்ட்டு எல்லாம் போட்டுகினு... அவங்க தெனமும் அங்க வேல செஞ்சாங்க. அது உண்மதான்னு நாங்க ஒத்துக்கிறோம்னு..."

ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தது! அவர் பேச்சில் சொன்னபோதுதான் அது என்ன என்று என் காதில் விழுந்தது.

செல்வி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "தெனமும் போட்டுகினு போனாருன்னா, அன்னிக்கு மட்டும் கழட்டி எங்க வெச்சாரு?"

சாவைப் பற்றி அரசு விசாரணை நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அங்கே நிர்வாகம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதை அன்றுதான் செல்வி சொன்னார். எல்லாச் சாதனமும் கொடுத்திருந்தோம், அன்றைக்கு அவர்களாகவே அலட்சியமாகக் கழற்றிவிட்டு ஏறினார்கள். அதுதான் அவர்கள் வாதம். அதற்குச் சாட்சி தேடித்தான் சிலை. அந்தச் சாட்சியைச் செய்து கொடுத்தவள் நான். செத்தவன் பெண்டாட்டியிடமே அதற்குக் கையெழுத்து வாங்க வந்து உட்கார்ந்திருந்தவளும் நான்தான்.

"தொப்பி நீதான வெச்சே?"

"அவங்க கேட்டாங்கக்கா."

"யாரு? எங்க வூட்டுக்காரு கேட்டாரா?"

அவர் கீழே வைத்த பேனாவை எடுத்து மூடினேன்.

"கையெழுத்துப் போடாதக்கா" என்றேன்.

"அத்த நீ சொல்லணுமா? காயிதத்த இங்க வெச்சிட்டுப் போ."

தாளைக் கொடுத்தால் வேலை போய்விடும் என்று தெரியும். தாள் என்னுடையதும் இல்லை, திருப்பித் தர வேண்டியது. யோசிக்கக் கிடைத்தது அவர் கை நீட்டிக்கொண்டிருந்த நேரம்தான். கொடுத்துவிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் இதைவிட நல்ல தீர்மானம் எதையும் நான் எடுத்ததில்லை. இவ்வளவு தாமதமாகவும் எதையும் எடுத்ததில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். யாரிடமாவது கையெழுத்து வாங்கிவரச் சொன்னால், அந்தத் தாளை அவர்கள் பேசுகிற பேச்சில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உங்கள் வாய் எந்த வரியில் திக்குகிறதோ அந்த வரிக்காகத்தான் அந்தத் தாளே எழுதப்பட்டிருக்கும்.

பட்டறைக்குத் திரும்பி மூன்று ஹெல்மெட்டையும் பிய்த்து எடுத்தேன். பெல்ட்டைச் சுரண்டினேன். உள்ளே முடியில்லாத மொட்டை மண்டைகள் நின்றன. துண்டை மறுபடி கட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் பட்டறை போனில் பேராசிரியர்.

"கம்பெனி டாக்குமெண்ட்டைத் தூக்கிக் கொடுக்க உனக்கு யாரு உரிமை கொடுத்தது?"

"அதுல எழுதியிருக்கிறது பொய் சார்."

"நீ சிற்பியா, வக்கீலா? சிற்பிக்கு வடிவம்தான் விஷயம். உடை எதுவா இருந்தா என்ன?"

"எதுவா இருந்தாலும் பரவாயில்லைன்னா, இருந்தபடியே இருக்கட்டுமே சார்."

"உன்னை நம்பிச் சொன்னேன் பாரு" என்று வைத்துவிட்டார். வேலை என் கையை விட்டுப் போனது. அடுத்த மாதமே அதை எடுத்துக்கொண்டவர் யார் தெரியுமா? அவரேதான். நான் தோண்டித் துருவி வாங்கி வந்த முகக் குறிப்புகளும் போட்டோக்களும் கம்பெனியிடம் இருந்தன. எல்லாவற்றையும் அவர் வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டு குடும்பத்தாரும் வேறு யாரோ போய்க் கேட்டபோது கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்கு யாரும் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

என்னிடம் இருந்தது மண். முழு உருவத்தையும் காப்பாற்ற வசதியில்லை. தலையும் தோளும் மட்டும் அச்சு எடுத்து சிமெண்ட்டில் வார்த்தேன். செல்வியிடம் அவர் கணவருடையதைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வாணாம். அத்த வூட்ல வெச்சிகினு நான் எப்டி சோறு துன்றது?" என்றார். மூன்று தலைகளும் பாயின் இரும்புக் குழாய்களுக்கு நடுவில் கிடந்தன.

வருட நினைவு நாளன்று சிலை திறப்பு. பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலி. தொழிற்சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்கிற துறையிலிருந்தே ஒரு பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினர். விசாரிக்க வேண்டியவருக்கே பொன்னாடை! செல்விக்கும் அழைப்பிதழ் வந்திருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்து, "அந்தத் தலைங்கள எடு" என்றார். பாய் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியைப் பிடித்துவந்தார். வண்டியின் பலகையில் சாக்கு விரித்து மூன்று பேரையும் உட்கார வைத்து, செல்வியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு எண்ணூர் போனோம்.

வாசலுக்கு எதிரே சாலையோரம் நிறுத்தினோம். செல்வி உடனே உள்ளே போக மறுத்துவிட்டார். உள்ளே பேராசிரியர் செய்த மூன்று பேர் மஞ்சள் ஹெல்மெட் பளபளக்க நின்றார்கள். மூவருக்கும் ஒரே தோள், ஒரே முகம். விழாவுக்காக ஷிப்டிலிருந்து வாசலுக்கு வந்திருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் வண்டியைப் பார்த்து நின்றார்கள். ஒருவன் கிட்டே வந்து குனிந்து, "டேய், இங்க வாங்கடா, நம்ம கன்னியப்பன் கீறான்டா!" என்று கத்தினான். பத்து இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவராக அந்த சிமெண்ட் தலைகளைத் தொட்டுப் பார்த்தார்கள்.

செல்வி தலைகளைப் பார்க்கவில்லை. சூழ்ந்து நின்ற தொழிலாளர்களின் மார்பில் குறுக்கே ஓடிய புத்தம்புது பெல்ட்டைப் பார்த்தார். "இன்னாபா, பெல்ட்டெல்லாம் குடுத்துட்டாங்களா?"

"காலைலதான் குடுத்தாங்கக்கா" என்றான் கத்தியவன். குரலைத் தாழ்த்தி, "ஃபங்ஷனுக்கு. சாயந்தரம் ஸ்டோர்ல திருப்பிக் குடுத்துடணுமாம்."

மூன்று பேர் செத்து ஒரு வருடம் கழித்தும், படம் எடுக்கிற வரைக்கும்தான் பெல்ட்!

"உள்ள வந்து அத்த சொல்லுபா" என்றார் செல்வி. அவன் வாசலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "புள்ளகுட்டிக்காரன்க்கா. நாளைக்கு கேட்ல விட மாட்டாங்க." செல்வி அவனை வற்புறுத்தவில்லை. என் பக்கம் திரும்பினார். "உனக்கு அங்க வேல போயி மாசக் கணக்கா ஆச்சி. நீ வா."

அழைப்பிதழைக் காட்டி உள்ளே நுழைந்தோம். தொழிலாளர்கள் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்து பந்தல் ஓரமாக நின்றார்கள். செல்வியை மேடைக்குக் கூப்பிட்டு மாலையை நீட்டினார்கள். அவர் மாலையை வாங்கவில்லை. அதற்குள் நானும் மேடை ஏறிவிட்டேன். பேராசிரியர் பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்து நின்றபோது ஐந்து வருடம் செதுக்கிய வாய் எங்கே போனதோ தெரியவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றேன் அந்தத் துறை அதிகாரியிடம். "தோ நிக்கிறாங்களே, எல்லாரும் புதுப் பெல்ட்டு போட்டுகினு கீறாங்க. இத்த எத்தினி மணிக்கு ஸ்டோர்ல திருப்பிக் குடுக்கணும்னு நீங்களே அவங்கள கேளுங்க."

மைக் என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. அந்தச் செருப்பைக் கழற்றி வந்த மரியாதையான அதிகாரிதான் பிடுங்கினார். துறை அதிகாரி நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தார். எழுந்தார். பந்தல் ஓரத்தைப் பார்த்து, ஏதோ தமாஷ் என்று நினைத்தாரோ என்னவோ, கையைத் தூக்கிக் கேட்டார். "என்னப்பா, எத்தனை மணிக்கு?"

ஆளாளுக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார்கள். காற்றில் பந்தல் துணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கூட்டத்தின் கடைசியிலிருந்து, முகம் தெரியாத ஒரு குரல் வந்தது. "அஞ்சு மணிக்கு சார்!"

ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சிரித்தான். பந்தல் முழுக்கச் சிரித்தது. துறை அதிகாரி சிரிக்கவில்லை. தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, "ஸ்டோர் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

விசாரணை அறிக்கை பிறகு வந்தது. சாரம் கட்டிய ஒப்பந்தக்காரன் தலையில்தான் எல்லாம் விழுந்தது, பெரிய ஆட்கள் தப்பித்துக்கொண்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் போகும். செத்தவர்களின் அலட்சியம் என்கிற வரி மட்டும் அதில் இல்லை. செல்வி விசாரணையில் கொடுத்த, கையெழுத்தில்லாத அந்த ஒப்புதல் கடிதத்தைக் கோப்பில் சேர்த்திருந்தார்கள். எனக்கு நாலைந்து வருடம் எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்கவில்லை. முயலும் வாத்தும் செய்து பிழைத்தேன்.

ஆனால் அன்று ஐந்து மணிக்கு ஒருவன்கூட பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.